காலி நாற்காலிக்கு ஒரு அழைப்பு

அன்று அடுகோடி அலுவலகத்தில் மேனேஜரும் நானும் இருந்தோம். டெலிபோன் ஆபரேட்டர் ஸ்டெல்லா இல்லை. அவர் குரலை மூன்று மொழிகளில் பதிந்து, தானாகப் பதில் சொல்லும் கருவியைப் புதிய ஐபி போன்களோடு இணைத்தவன் நான். இணைத்த மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சோதனைக்கு டயல் செய்தேன். "ஆபரேட்டரிடம் பேச பூஜ்யத்தை அழுத்தவும்," என்றது ஸ்டெல்லாவின் குரல். அழுத்தினேன். அவருடைய காலி நாற்காலிக்கு முன்னால் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"படிச்சவன்தானே நீ? ஆபரேட்டர்னு வர்ற இடத்துல சேல்ஸ்னு மாத்தணும். அவளக் கூப்பிடு!" என்று மேனேஜர் சீறினார்.

போனில் கூப்பிட்டு, அந்த வரியை மறுபடி பதிய வரச் சொன்னேன்.

"என் குரல்தான் உங்ககிட்ட இருக்கே தம்பி, அதையே சொல்லச் சொல்லுங்க," என்று ஸ்டெல்லா போனை வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தப் படிப்பு இன்னொருவர் சோற்றில் கைவைக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

வேறு பெண்ணை வைத்து எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்தார்கள். செலவு, ஸ்டெல்லாவின் ஒரு வருடச் சம்பளம்: அறுபதாயிரம் ரூபாய்.