கரிக்கிறது என்று சொன்னேன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வலது மணிக்கட்டில் குழாய் நுழைத்த இடம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது. வாளி தூக்கக் கூடாது. குக்கரை இறக்கக் கூடாது. செம்பூரில் எங்கள் கட்டடத்தைச் சுற்றிக் காலையில் இருபது நிமிஷம் நடக்கலாம். பார்க்க வருகிறவர்கள் யாரும் ஸ்டென்ட் என்று சொல்வதில்லை. "ஸ்பிரிங் வெச்சுட்டாளாமே" என்பார்கள். கேட்க ஏதோ பேனாவைப் பற்றிய பேச்சுபோல் இருக்கும்.

என் கணவர் சமையலை எடுத்துக்கொண்டார். எண்ணெயை மருந்து மாதிரி ஸ்பூனில் அளந்து ஊற்றுவார். ரசத்தில் உப்பே இல்லை என்றேன். "உப்பு இல்லைன்னு தெரியறதோல்லியோ, அப்போ நாக்கு நன்னா இருக்கு" என்றார்.

கேள்வி கேட்பது மகளின் வேலை. அவளுக்கு இருபத்தாறு வயது. காலையில் போனும் கையுமாக என் கட்டில் விளிம்பில் வந்து உட்காருவாள்.

"அடைக்கறதா?"

"இல்லை."

"பிசையறதா?"

"இல்லை."

"சுருக்குனு குத்தறதா?"

"உன் கேள்விதான் குத்தறது. போய்ப் பல்லைத் தேயிடீ."

சிரிக்க மாட்டாள். ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது போன் திறந்தபடி கட்டிலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நெஞ்சுவலிக்கு நாங்கள் சொல்லும் தமிழ்ச் சொற்களையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இங்கிலீஷில் அர்த்தம் போட்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. முதல் சொல் 'கரிக்கறது'. அதற்கு மட்டும் அர்த்தம் இல்லை. ஒரு கேள்விக்குறி இருந்தது.

அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது நான்.

அது ஒரு சனிக்கிழமை. எட்டு மணிக்குத் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மார்பின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றியதுபோல் ஓர் அழுத்தம். தாடைவரை ஏறி, பிறகு இடது கையில் இறங்கியது. வேர்த்துக் கொட்டியது. கணவர் காய்கறி வாங்க மாட்டுங்காவுக்குப் போயிருந்தார். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிக்ஷா பிடித்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். "க்யா ஹோ ரஹா ஹை, ஆன்ட்டி?" என்று, என்ன பண்ணுகிறது என ஹிந்தியில் கேட்டார் இளம் டாக்டர். முப்பது வருஷமாக ஆபீஸில் ஹிந்தி பேசுகிறவள் நான். அன்றைக்கு வாயில் ஹிந்தி வரவில்லை. மகள் பக்கம் திரும்பி, "நெஞ்சு கரிக்கறதுன்னு சொல்லு" என்றேன்.

அவள் ஒரு கணம் யோசித்து, எரிகிறது என்று ஹிந்தியில் சொன்னாள். "ஜலன் ஹோ ரஹி ஹை. ஆசிடிட்டி."

ஈ.சி.ஜி. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதை எடுக்கிறவர் வர அரை மணி ஆகும். இப்போது தேவலை என்று கையை ஆட்டினேன். ஓர் ஊசி போட்டு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். மகள் பத்து மணி பஸ்ஸில் புனேவுக்குக் கிளம்பினாள். சாயங்காலம் அங்கே அவளுக்கு இன்டர்வியூ. ஒரு வருஷமாகக் காத்திருந்த வேலை அது.

திங்கட்கிழமை ஆபீஸில் மேஜைமேல் சாய்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். மறுநாள் டாக்டர் மகளிடம் தன் கட்டைவிரல் நுனியைக் காட்டி, தசையில் இவ்வளவு கெட்டுவிட்டது, சனிக்கிழமையே வந்திருந்தால் இதுவும் கெட்டிருக்காது என்றார். நான் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

புனே வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போகப் போவதில்லை என்பது எனக்குக் கணவர் சொல்லித்தான் தெரிந்தது. "அம்மா ஒண்ணு சொன்னா, நான் டாக்டர்கிட்ட வேற ஒண்ணு சொல்லிட்டேன், இனிமே விட்டுட்டுப் போகமாட்டேங்கறா" என்றார்.

அவள் தப்பாக மொழிபெயர்க்கவில்லை. எனக்கு வந்திருந்தது மாரடைப்பு என்று அன்றைக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் கரிப்பு இல்லை என்று தெரியும். பஸ்ஸுக்கு நேரம் ஆகிறதே என்று இருந்ததிலேயே சின்னச் சொல்லாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

இதை உடனே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மூன்று நாள் ஓட்டினேன். அவள் இங்கேயே இருந்துவிட்டால் எனக்கும் நல்லதுதான் என்று நினைத்த நேரங்கள் உண்டு. படி ஏறும்போது அவள் பின்னால் வருவது தைரியமாக இருந்தது. தனியாகப் படுத்திருக்கும்போது என் நெஞ்சுத் துடிப்பை நானே எண்ணிக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ அன்னிக்கு டாக்டர்கிட்ட சரியாத்தான் சொன்னே" என்றேன். "கரிக்கறதுன்னா ஆசிடிட்டிதான்."

"ஃபிர்? பின்னே என்ன?"

"எனக்குக் கரிக்கலை. அழுத்தித்து. கையெல்லாம் வலிச்சுது. உனக்குப் பத்து மணிக்கு பஸ். அதான் அப்படிச் சொன்னேன்."

தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"செத்துப்போயிருந்தா?"

"போகலையே."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஜோக் அடிக்காதே அம்மா. இத்தனை நாளா நான் சரியாத் தூங்கலை. நீ பார்த்துண்டுதானே இருந்தே?"

"பார்த்துண்டுதான் இருந்தேன்."

உறையைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே போனாள். வெள்ளிக்கிழமை காலை என் கட்டிலுக்கு வரவில்லை. மத்தியானம் புனேவுக்குச் சம்மதம் என்று பதில் அனுப்பிவிட்டாள். கிளம்பும் நாள்வரை அவசியத்துக்கு மட்டும் பேசினாள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எங்கே இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அப்பாவிடம் இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டாள். பஸ் ஏறும்போது என்னை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்.

இப்போது தினமும் ஏழு மணிக்குப் போன் வருகிறது. கணவர் ஸ்பீக்கரில் போடுவார். நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன்.

"அப்பா, அம்மா எப்படி இருக்கா?"

"இதோ இருக்கா, அவளையே கேளேன்."

"அவ சொல்லுவா. நீ பார்த்துச் சொல்லு."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கரண்ட் மீட்டரைப் படிப்பதுபோல் என்னைப் பார்ப்பார். நேற்று, "மூச்சு வாங்கலை. ஆனா படியேறி வரச்சே ரெண்டாம் மாடியில ஒரு நிமிஷம் நின்னா" என்றார். அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறாள் போலிருக்கிறது.

இரண்டாம் மாடியில் நான் நின்றது செருப்பு வார் அவிழ்ந்ததால். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.