கண்ணாத்தீவில் இரண்டு இரவும், பாரில் சிக்கிய ஒரு வலையும்

கல்முனையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. பாடசாலைச் சீருடை, அபாயா, இவற்றோடு சில வருடங்களாகப் பெண்களுக்கான நீச்சல் உடுப்பும் தைக்கிறேன். தலை முதல் கணுக்கால் வரை மூடும், தண்ணீரில் பாரம் ஏறாத துணி. நான் தைத்த உடுப்புகள் மாலைதீவு வரை போய்க் கடலில் குளித்துவிட்டு வந்திருக்கின்றன. நான் மட்டும் சாய்ந்தமருதுக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. போன ஓகஸ்டில் ஒரு வாடிக்கையாளர், "நீங்க இதப் போட்டுப் பாத்தீங்களா? தண்ணிக்குள்ள கழுத்துப் பக்கம் காத்து ஏறுது" என்று குறை சொன்னார். அன்றிரவே எனக்கு ஒன்று வெட்டினேன். "இத நனைக்காம விடமாட்டன்" என்று இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர். பயணம் என்றாலே முதலில் சாப்பாட்டைக் கணக்குப் பார்க்கும் மனிதர்.

தேடியதில் கிடைத்ததுதான் கண்ணாத்தீவு. கோமாரியைத் தாண்டியதும் வரும் களப்பு என்கிற உப்புநீர் ஏரிக்குள், கண்ணா என்னும் அலையாத்தி மரங்கள் சூழ்ந்த ஒரு துண்டு மணல். ஆறு ஓலைக் குடில்கள், சூரிய மின்சாரம், வீதி கிடையாது. களப்பு வாயைக் கடந்து கடலில் நான்கு கிலோமீற்றர் போனால் முருகைக்கல் எனும் பவளப் பாறை. எங்கள் பக்கத்து மீனவர்கள் அதைச் சுருக்கமாகப் 'பார்' என்பார்கள். நீந்தத் தெரியாதவர்களையும் கடலடியில் சுழியோடக் கூட்டிப் போகிறார்கள், பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் இருக்கிறார் என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் முற்பணம் கட்டினேன். மகள் மர்யத்தை என் மூத்த சகோதரி, ராத்தா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில். பொத்துவில் பஸ் கல்முனையிலிருந்து எங்கள் வாசலைத் தாண்டித்தான் தெற்கே போகும். ஆனாலும் இருக்கை வேண்டுமென்றால் மூன்று கிலோமீற்றர் பின்னால் கல்முனைக்குப் போய் ஏறவேண்டும். இவர் முச்சக்கரவண்டிக்குச் சொல்லியிருந்தார். ஐந்தே முக்காலுக்கு வந்து நின்ற வண்டியில் ஹனீபா இருந்ததைப் பார்த்ததும் ஏறாமல் நின்றேன்.

"எங்க போகணும்?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏன் அப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது. ஹனீபாவும் என் மூத்த சகோதரர் ஜுனைத் காக்காவும் ஒரே படகில் பல வருடம் தொழில் செய்தவர்கள். பங்குக் கணக்கில் மனக்கசப்பு வந்து ஹனீபா தனிப் படகு எடுத்தார். அடுத்த மாதமே, வாடைக் காற்று தொடங்குவதற்குச் சற்று முன்னர், காக்கா இரவில் விரித்துவிட்டு வந்த வலை காணாமல் போனது. கயிறு வெட்டினாற்போல் அறுந்து கிடந்தது. அன்று விடியலில் அந்தப் பக்கமிருந்து கரைக்கு வந்த ஒரே படகு ஹனீபாவுடையது. அதே மாதிரி வலையை வாழைச்சேனையில் யாரோ விற்றார்கள் என்று ஒரு பேச்சும் வந்தது. காக்கா மீனவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, எல்லோர் முன்னிலையிலும் ஹனீபாவைக் களவன் என்றார். அதன் பிறகு ஹனீபாவோடு படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. ஒற்றை ஆளாக வலை இழுக்க முடியாது. படகு கரையில் கவிழ்ந்து கிடக்க, அவர் தவணைக்கு முச்சக்கரவண்டி எடுத்து ஓட்டுகிறார். இரண்டு வருடமாகிறது.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது முந்நூறு ரூபா வாங்கினார். பையைத் தூக்கிக் கொடுத்தபடி, "கண்ணாத்தீவுக்கெண்டு மச்சான் சொன்னார். அந்தப் பார்ல நீரோட்டம் கடுமை, தங்கச்சி. தனிய விலகிப் போயிராதீங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் எனக்குச் சொல்லியிருக்கத் தேவையே இல்லை.

பஸ் ஆறே காலுக்கு எடுத்தார்கள். நிந்தவூரில் பாதி நிறைந்தது, அக்கரைப்பற்றில் முழுதும் நிறைந்தது, திருக்கோவிலில் பாதி இறங்கியது. கோமாரிக்கு ஆளுக்கு இருநூற்றெழுபது ரூபா. எட்டு மணிக்கு இறங்கி, களப்புக் கரைக்கு ஒரு கிலோமீற்றர் நடந்தோம். படகுத்துறையில் ஒரு பெண் நின்று எல்லோரின் பைகளையும் திறக்கச் சொன்னார். தீவுக்குள் பிளாஸ்டிக் போகக்கூடாது. இவர் ரகசியமாகக் கொண்டுவந்த ஐந்து பக்கற் பிஸ்கட்டும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உறையைப் பிரித்து, பிஸ்கட்டை ஒரு தகரப் பேணிக்குள் கொட்டிக் கொடுத்தார்கள். படகில் இருபத்தைந்து நிமிடமும் இவர் அந்தப் பேணியை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார்.

குடில், மூன்று வேளைச் சாப்பாட்டோடு, இருவருக்கு ஓர் இரவுக்கு இருபத்தெட்டாயிரம். காசு கொஞ்சம் அதிகம்தான். கதவுக்குப் பதில் பாய்த் தட்டி, குளிக்க ஆளுக்கு இரண்டு வாளி நல்ல தண்ணீர், மலசலகூடத்தில் தண்ணீருக்குப் பதில் உமி. சமைப்பவர் நிந்தவூர்ப் பெண்மணி, இறைச்சியும் அங்கிருந்தே வருகிறது. அதனால் சாப்பாட்டில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காலையில் பிட்டும் மீன் ஆணமும், மத்தியானம் கணவாய், இரவு ரொட்டி. தொழுகைக்கான கிப்லாத் திசையைக் கூரை வளையில் அம்புக்குறியாகச் செதுக்கியிருந்தார்கள். தொலைபேசிக்குச் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான், அதுவும் ஏணியில் ஏறினால்.

அன்று பின்னேரம் களப்பில், நெஞ்சளவு தண்ணீரில் பயிற்சி. என்னுடைய பயிற்சியாளர் தர்சினி, திருக்கோவில் பெண், முப்பது வயதிருக்கும். என் உடுப்பைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, கழுத்தில ஒரு துளை விட்டா காத்து வெளியேறிரும்" என்றார். வாடிக்கையாளர் சொன்ன குறைக்கு மருந்து அங்கேயே கிடைத்தது. பிறகு வாயால் மூச்சு விடுவது, கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் ஊதி வெளியேற்றுவது, கைச் சைகை எல்லாம் சொல்லித் தந்தார். விரலை வட்டமாக வைத்தால் நலம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகவேண்டும். இதை அவர் மூன்று தரம் சொன்னார். நானும் மூன்று தரம் தலையாட்டினேன்.

மறுநாள் காலை ஏழரைக்குப் பாருக்குப் போனோம். சுழியோட ஆளுக்கு இருபத்திரண்டாயிரம். மேலே மிதந்தபடி கண்ணாடியால் பார்க்க மட்டும் என்றால் ஆறாயிரத்து ஐந்நூறு. இவர் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார், படகில் பேணியும் இருந்தது. நான் தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு கயிறு வழியே இறங்கினேன். முதல் இரண்டு மீற்றரில் எனக்கு உயிர் போய்விடும் என்று நினைத்தேன். காது அடைத்தது, நெஞ்சு அடித்தது, மனதில் கலிமா ஓடியது. ஐந்து மீற்றரில் மூச்சின் சத்தம் ஒரே சீராகிவிட்டது. எட்டு மீற்றரில் கீழே பார்த்தேன்.

அழகை வர்ணிக்க எனக்குத் தெரியாது. துணிக்கடையில் சொல்கிற நிறங்களில் சொல்லலாம்: கத்தரிப்பூ, மாந்தளிர், பழைய தங்கம். கிளிமீன்கள் கல்லைக் கடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஓர் ஆமை எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போனது. எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பாரின் தெற்கு ஓரத்தில் நிறங்கள் முடிந்து ஒரு சாம்பல் நிறக் குவியல் கிடந்தது. தர்சினி கையால் என்னை நிறுத்தினார். பழைய வலை. கல்லைப் போர்வையாக மூடி, கீழே இருந்த எல்லாவற்றையும் கொன்றிருந்தது. திரும்ப எத்தனித்தபோது வலையின் மேல் விளிம்பில் மஞ்சளாக ஏதோ ஆடியது. பாசி படிந்த ஒரு மிதப்பு. ஆங்கில எழுத்து 'கே'. அதற்கு அப்பால் சிவப்பில் 'டபிள்யூ'.

என் மகளின் விளையாட்டுப் பாய் அது! தரையில் பொருத்துகிற மெத்துப் பாய், நடுவில் எழுத்துகள் கழன்று வரும். மர்யம் வளர்ந்த பிறகு ஜுனைத் காக்கா அந்த எழுத்துகளை அள்ளிக்கொண்டு போய், துளை போட்டு, வலைக்கு மிதப்பாகக் கட்டினார். கரையில் அவரை 'இங்கிலீசு மாஸ்டர்' என்று பகிடி பண்ணுவார்கள். மர்யத்துக்குப் பல் முளைத்த காலத்தில் 'கே'யின் காலைத்தான் கடிப்பாள். பாசியை விரலால் தேய்த்தேன். நான்கு சின்னப் பல் பதிந்த இடம் அப்படியே இருந்தது.

சந்தோசம் தாங்காமல் தர்சினியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் தயங்காமல் என்னை மேலே கொண்டுவந்துவிட்டார்.

"என்னக்கா, மூச்சு முட்டுதா?"

"இல்ல! கீழ போகணும்! அது எங்கட காக்காட வலை! என்ட மகள் கடிச்ச எழுத்து!"

தர்சினி படகோட்டியைப் பார்த்தார். படகோட்டி இவரைப் பார்த்தார். கடலுக்குள் பெண்டாட்டிக்கு மண்டை குழம்பிவிட்டது என்றுதான் மூவரும் நினைத்தார்கள். முழுக்கதையையும் படகின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கியபடியே சொன்னேன். கேட்டு முடிந்ததும் தர்சினி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்க மேலயே இரிங்க, வலைக்குக் கிட்டப் புது ஆக்கள் வரப்படா" என்று தனியே இறங்கினார். பாரிலிருந்து சிப்பிகூட எடுக்க விடமாட்டார்கள். வலை மட்டும் கழிவு என்பதால் எடுக்கலாம்.

அவர் மேலே வந்தபோது கையில் 'கே' இருந்தது, ஒரு பிடி வலை இருந்தது, அதோடு பின்னிப் பிணைந்த பச்சைக் கயிறு ஒரு முழம் இருந்தது. கட்டைவிரலை விடத் தடித்த கயிறு. "இது கடல்ல நாள்கணக்கா நிக்கிற பெரிய பலநாள் படகுட கயிறு, அக்கா. உங்கட வலைய இது இழுத்துக் கொண்டு போயிரிக்கு. பிறகு அந்த ஆக்கள் கயிற வெட்டி விட்டுட்டுப் போயிருப்பாங்க. மிச்சத்த வாடை நீரோட்டம் இஞ்ச கொண்டு வந்து போட்டிருக்கும்." வலையை யாரும் விற்கவில்லை. வாழைச்சேனைக்குச் சம்பந்தமே இல்லாமல் அது சாய்ந்தமருதிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் தெற்கே கிடந்திருக்கிறது.

அன்று முழுதும் தண்ணீர்த் தொட்டி ஏணியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஏறவில்லை. தொலைபேசியில் சொன்னால் காக்கா நம்பமாட்டார், தர்க்கம் பண்ணுவார். கையில் கொடுக்கவேண்டும். இவர், "ரெண்டு ஆம்பிளையள்ற பிரச்சினைக்குள்ள நாம என்னத்துக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு மனிசன் ரெண்டு வருசமாக் களவனாக் கிடக்கிறான், நீங்க பிஸ்கட்டத் தின்னுங்க" என்றேன். ஆனால் விடிந்ததும் ஏணியில் ஏறியது இவர்தான். ஹனீபாவுக்கு, பஸ் வரும் நேரம் சொல்லி வண்டி கேட்டார். பிறகு காக்காவுக்கு எடுத்து, அதே நேரத்துக்கு அதே இடத்துக்கு வரச் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் சாய்ந்தமருதில் இறங்கினோம். ஹனீபாவின் வண்டி ஓரமாக நின்றது, அவர் உள்ளேயே இருந்தார். காக்கா பத்தடி தள்ளி, அந்தப் பக்கம் பார்க்காமல், வெயிலில் நின்றார். பையைத் திறந்து எல்லாவற்றையும் காக்காவின் கையில் வைத்தேன்.

முதலில் எழுத்தைத் திருப்பிப் பார்த்தார், பல் பதிந்த இடத்தைத் தடவினார். பிறகு பச்சைக் கயிற்றை எடுத்தார். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடலில் முப்பது வருடம் இருந்தவர்.

"எங்க கிடந்தது?"

"கண்ணாத்தீவுப் பார்ல. முழு வலையும்."

காக்காவின் முகம் கறுத்துப்போனது. பிறகு நேராகப் போய் ஹனீபாவின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஹனீபா திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி, எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார்.

"எங்க போகணும்?"

"சங்கத்துக்கு" என்றார் காக்கா. "அங்கதானே சொன்னன். அங்கயேதான் சொல்லணும், நான் சொன்னது பொய்யெண்டு. நீயும் உள்ள வரணும், ஹனீபா."

கயிற்றையும் எழுத்தையும் முன்னால் நீட்டினார். ஹனீபா வாங்கி, வெகுநேரம் மடியில் வைத்துப் பார்த்தார். "நான் எடுக்கல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். பிறகு வண்டியை எடுத்தார். நாங்கள் கேட்டு வரவழைத்த வண்டி எங்களை விட்டுவிட்டுப் போனது. பையையும் பேணியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் தெளிவு, வாடைக் காலத்தில் தீவையே மூடிவிடுவார்கள். பெண் பயிற்சியாளர் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லுங்கள், அங்கே இருப்பது ஒருவர்தான். காசு கையில் கொண்டு போங்கள், அட்டை எடுபடாது. பிஸ்கட்டைப் பேணியிலேயே கொண்டு போங்கள். நீச்சல் உடுப்பில் கழுத்துக்குப் பின்னால் துளை வேண்டும், இப்போது எல்லாவற்றிலும் வைத்தே தைக்கிறேன். தண்ணீருக்குள் எவ்வளவு சந்தோசம் வந்தாலும் கட்டைவிரலை மடக்கியே வைத்திருங்கள்.

கல்முனை பஸ் நிலையத்துக்கு விடியற்காலையில் முச்சக்கரவண்டி தேவையென்றால் முதல் நாளே யாருக்காவது சொல்லி வையுங்கள். ஹனீபாவின் பெயரைத்தான் இங்கே எழுத நினைத்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அவரைப் பிடிக்க முடியாது. விடியற்காலையில் அவர் கடலில் இருக்கிறார், கூட வலை இழுப்பது எங்கள் காக்கா.