இடப்பக்கப் பெட்டி

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் என் மோட்டார் சைக்கிளுக்கு இரும்புப் பெட்டிகள் பொருத்தித் தந்த வெல்டருக்குப் புருவமே இல்லை, தீப்பொறி தின்றிருந்தது. எந்த வண்டி வந்தாலும் முதலில் பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். அன்றும் புடவை கட்டிய பெண்களைப்போல இரண்டு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் பொட்டி வெச்சா ஊட்டுக்காரம்மா எப்டி சார் குந்துவாங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல," என்றேன். தனியாக ஊர் சுற்றுவதில்தான் எனக்கு ஆசை.

நம்பிவிட்டார். வலப்பக்கப் பெட்டியைப் பற்றவைத்தவர், இடப்பக்கத்துப் பெட்டியை இரண்டு போல்ட்டில் மட்டும் மாட்டினார். "கண்ணாலம் ஆனா கயட்டிக்கலாம் சார்," என்று ஒரு ஸ்பானரையும் கையில் கொடுத்தார்.

அன்று மாலையே வீட்டில் என் மனைவி வண்டியைச் சுற்றி வந்து, "நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டாள்.

இடமில்லை என்றேன். ஸ்பானர் அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.