எங்க போறீங்க என்று கேட்டவள்

கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து "எங்க போறீங்க?" என்று கேட்கக் கூடாது. காரைக்கால்மேட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் இருவருக்கும் சொல்லித்தந்தவள் உங்கள் அம்மா. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்கலாம். 'எங்க' என்ற சொல் போகிறவன் காலைக் கட்டிவிடும் என்பாள். மகனே, நீ பள்ளிக்கூடம் போகிற வயசில், வலையோடு வாசலைத் தாண்டிய என்னிடம் அப்படிக் கேட்டுவிட்டு முதுகில் அடி வாங்கினாய். உன்னை அடித்த கையோடு என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அப்போதுதான் கிளம்புகிறவனைப் போல மறுபடி அனுப்பிவைத்தாள்.

நான் ஏன் படகை விட்டு இறங்கினேன் என்று இரண்டு பேரும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போன் வந்தால் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளைப் பற்றி அவள் எதிரில் எப்படிப் பேசுவது? அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் மீன் விற்கப் போகும் தெருவில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. அங்கே நாம் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா ஒருவரின் வீடு உண்டு. உங்கள் அம்மாவிடம் தவிர வேறு யாரிடமும் மீன் வாங்கமாட்டார்கள். ஒருநாள் மதியம் அந்த ராத்தா எனக்குப் போன் செய்தார்கள்.

"தம்பி, ஒங்க ஊட்டுக்காரி இங்கதான் நிக்கிது. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தானே ராத்தா போனா?"

"காலையிலேயே எங்கிட்ட சங்கரா மீனு குடுத்துட்டுப் போச்சி. திரும்ப வந்து 'ராத்தா, சங்கரா இருக்கு, வேணுமா'ங்குது. இருக்கட்டும்னு அனுப்புனேன். இப்ப மறுபடி வந்து நிக்கிது. அன்னக்கூடையில ஒரு மீனு இல்ல தம்பி, தண்ணிதான் கெடக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு. நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க."

நான் போனபோது உங்கள் அம்மா அந்த வீட்டு நிழலில் காலியான கூடையை ஈரத்துணியால் மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு யாவாரமே இல்லீங்க" என்றாள். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு டாக்டர், புதுச்சேரியில் ஸ்கேன் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இது வயசானவர்களுக்கு வருவது, இவர்களுக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் கூடிக்கொண்டுதான் போகும், குறையாது என்றும் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அம்மா என் கையைச் சுரண்டி, "யாருக்காம்?" என்று கேட்டாள்.

மீன் விற்கப் போவதை நிறுத்தினோம். சமையலை நான் பார்த்துக்கொண்டேன். அதுவரை எல்லாம் சமாளிக்கும்படிதான் இருந்தது. அப்புறம் ஒரு விடியற்காலை, நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"எங்க போறீங்க?"

கலியாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுந்தேன். எழுந்ததும் மறுபடி கேட்டாள், "எங்க போறீங்க?" இன்னும் ஒரு சொம்பு. அன்றைக்கு வயிற்றில் தண்ணீர் குலுங்கக் குலுங்கத்தான் படகுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அவளுக்கு முன்னால் எழுந்து சத்தம் போடாமல் போய்விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எல்லாம் மறந்தவளுக்கு, நான் எழும் நேரத்துக்கு முன்னால் எழுந்துகொள்வது மட்டும் மறக்கவில்லை.

ஒரு பகலில் அவளை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"இந்தா பாரு. நான் கெளம்புறப்ப 'தூரமா'ன்னு கேளு. சொல்லு பாப்போம்."

"தூரமா?"

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்காத."

சிரித்துவிட்டாள். "இது எனக்குத் தெரியாதா? நாந்தானே புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். எங்கன்னு கேட்டா கடலுக்குப் போற ஆளுக்கு ஆவாதுங்க. நீங்க யாருகிட்டயும் கேட்டுறாதீங்க" என்று எனக்கே புத்தி சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் சரியாகச் சொன்னாள். விடிந்ததும் வாசலில் வந்து நின்று, "எங்க போறீங்க?"

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் என் பின்னாலேயே கடற்கரைக்கு வந்துவிட்டாள். படகில் நாங்கள் நாலு பேர்: உங்கள் பெரியப்பா, நான், உங்கள் பெரியம்மாவின் தம்பி, திருவேட்டக்குடியிலிருந்து வரும் ஓர் ஆள். நாலு பேரும் தோள் கொடுத்துப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அலை வந்து படகு மிதக்கிற நேரம் பார்த்து, "எங்க போறீங்க? எல்லாருமா எங்க போறீங்க?" என்று கத்தினாள்.

பெரியம்மாவின் தம்பி எப்போதும் விளையாட்டுக்காரன். "சிங்கப்பூருக்கு அக்கா! வர்றியா, என்ஜின் மேல ஒக்கார எடம் இருக்கு" என்றான்.

திருவேட்டக்குடிக்காரர் சிரிக்கவில்லை. படகிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நான் வரலண்ணே" என்றார் பெரியப்பாவிடம்.

"ஏய், அது ஒடம்பு சரியில்லாத பொம்பள. தெரிஞ்சா கேக்குது?"

"அதுக்குத் தெரியாதுண்ணே. கடலுக்குத் தெரியுமா? எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. கேட்டுட்டு ஏற மாட்டேன்."

பெரியப்பா அவரை அதட்டி ஏற்றினார். உங்கள் அம்மாவைப் பக்கத்துப் படகுப் பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். அன்று வலை அடியில் எதிலோ மாட்டி, இழுத்ததில் பாதிக்கு மேல் கிழிந்துபோனது. வலை கிழிவது கடலில் புதிதா? அவள் வாயைத் திறக்காத காலத்திலும் எத்தனையோ முறை கிழிந்திருக்கிறது. திரும்பி வரும்போது யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்தை யாரும் பார்க்கவும் இல்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

மதியம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். உங்கள் அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டு. அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

"தம்பி, நான் இதெல்லாம் நம்பல. ஆனா ஏறுற ஆளு நம்புறான்ல? ஆளு இல்லாம நீயும் நானும் என்னா பண்றது? நாம படகத் தள்ளுற வரைக்கும் கதவ வெளியில பூட்டிட்டு வா. பொழுது வெளுத்ததும் ஒங்க அண்ணி வந்து தொறந்து விடுவா. அவ்வளவுதானே?"

கேட்க அவ்வளவுதான். நானும் மறுநாள் பூட்டிவிட்டுப் போனேன். நம் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். படகில் தோளைக் கொடுக்கும்போது கேட்டது. கதவை இரண்டு கையாலும் அறைகிறாள். "ஏங்க! ஏங்க! யாரோ பூட்டிட்டாங்க, வாங்க! சீக்கிரம் வந்து தொறந்து விடுங்க!" என் பேரைச் சொல்லாமல் கூப்பிட்டே பழகியவள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், அந்த 'ஏங்க' யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது. பெரியப்பா என்ஜினை முறுக்கிவிட்டார். சத்தம் அமுங்கிப்போனது.

கரைக்கு வந்து வீட்டுக்கு ஓடினேன். பெரியம்மா அவள் கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் வீங்கியிருந்தன. உங்கள் அம்மா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய், மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க இல்லாத நேரமாப் பாத்து எவனோ பூட்டிட்டுப் போயிட்டாங்க. நல்லவேள, நீங்க வந்துட்டீங்க. யாருன்னு கண்டுபிடிங்க. சும்மா விடாதீங்க."

விடமாட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றைக்கே பெரியப்பா வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன்.

"கோவமா?"

"இல்லண்ணே."

"ஒனக்குக் கடல் வேணாமாடா?"

"வேணும்ண்ணே."

  "கிழிஞ்ச வலையெல்லாம் இனி ஒங்கிட்ட அனுப்புறேன். வீட்ல ஒக்காந்து கட்டு" என்றார் பெரியப்பா. இதுதான் நடந்தது. பெரியப்பா என்னை இறக்கிவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருவேட்டக்குடிக்காரரையும் தப்பாக நினைக்காதீர்கள். அவர் பயம் அவருக்கு.

நான் எப்போதும் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு நிம்மதி என்று நினைத்துத்தான் இறங்கினேன். பிள்ளைகளே, அது அப்படி ஆகவில்லை. வாசலில் வலை கட்டிக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஆள் யார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பெரியப்பா அனுப்பிய கூலியாள் என்று நினைத்துக்கொண்டாள். மரியாதையாகத்தான் நடத்துகிறாள், டீ வேணுமா என்று கேட்கிறாள். படகுகள் கரைக்கு வரும் நேரமானால் மட்டும் இருப்புக்கொள்வதில்லை. எழுந்து எழுந்து கடலைப் பார்க்கிறாள்.

"எல்லா போட்டும் வந்துடிச்சிங்களே, எங்க வீட்டுக்காரரக் காணும். நீங்க வர்றப்ப பாத்தீங்களா?"

நாந்தான் புள்ள அது என்று சொல்லிப் பார்த்தேன். கோபப்பட்டாள். யாரைப் பார்த்து என்ன பேசுகிறீர்கள் என்று துடைப்பத்தை எடுத்துவிட்டாள். அழுதாள். நான் கடலுக்குப் போன காலத்தில் ஒருநாளும் இப்படிப் பதறி அழுதவள் இல்லை.

பெரியம்மாதான் ஒரு வழி சொன்னாள். அதன்படி, படகு வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெரியம்மா வந்து அவளோடு பேச்சுக் கொடுப்பாள். நான் கொல்லைப்புறமாக நழுவிக் கடற்கரைக்குப் போவேன். பெரியப்பா படகிலிருந்து குழம்புக்கு நாலு மீன் எடுத்துக்கொடுப்பார். அலையில் இறங்கிக் கைலியை நனைத்துக்கொள்வேன். தலையையும் முக்கி எடுப்பேன். அப்படியே மீனைத் தொங்கவிட்டுக்கொண்டு தெரு வழியாக வாசலுக்கு வருவேன். வேஷம் கட்டுகிற வயசா எனக்கு? ஆனால் அவள் முகம் அப்போது மலர்வதை நீங்கள் பார்க்க வேண்டும். "வந்துட்டீங்களா?" என்று மீனை வாங்கிக்கொள்வாள். சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அவள் புருஷன். "இன்னிக்குக் காத்து எப்படி?" என்றுகூடக் கேட்பாள். படுத்து எழுந்தால் மறுபடி கூலியாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் காலையிலிருந்து வலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதமும் அதுவே போதுமாக இருந்தது.

மகளே, போன வாரம் நீ அம்மாவை உன்னோடு கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றது இதனால்தான். உன் வீட்டில் இருந்தால் அவளிடம் நான் எந்தக் கடலிலிருந்து திரும்பி வருவது?

நேற்றும் அதேபோல நனைந்து, கையில் இரண்டு வாளை மீனோடு வாசலுக்கு வந்தேன். உங்கள் அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். மீன் கண்ணையும் செவுளையும் பார்த்தாள். அதெல்லாம் மறக்கவில்லை.

"நல்ல மீனுதான். எனக்கு வேணாங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரரு கொண்டாருவாரு. அடுத்த வீட்ல கேட்டுப் பாருங்க."

பெரியம்மா பதறி எழுந்தாள். நான் அவளைக் கண்ணால் அடக்கிவிட்டு, உங்கள் அம்மாவிடம் சரிம்மா என்றேன். தெருவில் நாலு வீடு தள்ளிப் போய் நின்றேன். கைலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கொல்லைப்புறமாக உள்ளே போய், மீனை ஆய்ந்து குழம்பு வைத்தேன். அவள் சாப்பிட வரவில்லை. அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.