காசியம்மாள் மெழுகிய சுவர்

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு, குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துக் குடிசை வெள்ளையம்மாள் ஓடி வந்தாள். ஏரிக்கரைக் குடிசைகளை எழுத ஆள் வருகிறார்களாம். வெள்ளத்தில் இடிந்தவற்றைப் பட்டியல் போட்டு, வேங்கிக்கால் பக்கம் காங்கிரீட் வீடு தரப்போகிறார்களாம். ஐம்பத்தொரு வயதில் இருபத்தாறு வருடத்தை ஓலைக்கூரைக்குக் கீழே கழித்தவள் காசியம்மாள். பூட்டுகிற கதவுள்ள வீட்டில் ஒரு நாளாவது படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அவளுடைய குடிசை பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம். கணவர் சகாதேவன் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போனவர். செங்கம் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் காசியம்மாள் பாத்திரம் தேய்க்கிறாள். மதியம் அங்கே மிஞ்சுகிற சோறுதான் இருவருக்கும் ராத்திரிச் சாப்பாடு; அதிலும் மிஞ்சியது காலையில் பழையது. மெஸ் மூடினால் இவர்கள் வயிறும் மூடியதுதான். புயல் மழையில் மெஸ் ஐந்து நாள் மூடிக்கிடந்தது.

போன ஞாயிறு மாலை நாலே முக்காலுக்கு, மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் ஏரியை நிரப்பிக் கரைமேல் வழிந்தது. பத்தே நிமிடத்தில் முழங்காலுக்கு மேல் ஏறியது. பின்சுவர் சரிந்தது. அரிசிப் பானை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே, கணவரை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். இரண்டு நாள் அங்கே கஞ்சி ஊற்றினார்கள்.

செவ்வாய் காலை எல்லோரும் திரும்பினார்கள். மற்ற பதினொரு குடும்பங்களும் சேற்றைப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிட, காசியம்மாள் மட்டும் கூடையைக் கையில் எடுத்தாள். வெள்ளிக்கிழமை கார்த்திகை தீபம். மலைமேல் ஜோதி தெரிகிற நாளில் வீடு சேறாகக் கிடப்பதா? புதன் சாயங்காலத்துக்குள் பின்சுவரை எழுப்பி, சாணம் மெழுகி, வாசலில் கோலமும் போட்டுவிட்டாள். இதைப் பார்க்கக் கலெக்டரா வரப்போகிறார் என்று சகாதேவன் கிண்டல் செய்தார்.

கலெக்டர் வரவில்லை. வியாழன் எட்டரைக்குத் தாலுகா ஆபீஸ் எழுத்தர் பிரசாத்தும் தலையாரி கண்ணாயிரமும் வந்தார்கள். குடிசைக்கு மூன்று நிமிடம். வெள்ளையம்மாளுக்கு ‘முழுச் சேதம்’ என்று எழுதினார்கள். காசியம்மாளின் குடிசை ஏழாவது. பிரசாத் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ‘சேதமில்லை’ என்று எழுதினார்.

காசியம்மாள் வழியை மறித்தாள்.

“இடிஞ்சிது சார். நாந்தான் திரும்பக் கட்டினேன்.”

“இருக்கலாம்மா. கண்ணுல பாக்கறதத்தான் நான் எழுத முடியும்.”

“சும்மா குந்தினு இருந்த எங்களுக்கெல்லாம் வீடு. உனுக்குக் கோலந்தான்கா,” என்றாள் வெள்ளையம்மாள்.

காசியம்மாள் உள்ளே படுத்திருந்த கணவரைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தாள். திரும்ப உள்ளே போய்ப் பின்சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, தம் கட்டித் தள்ளினாள். ஈரம் காயாத சுவர் ஒரு கணம் யோசித்தது போல நின்று, பிறகு மொத்தமாக வெளிப்பக்கம் சாய்ந்தது. கூரையின் ஒரு மூலை இறங்கித் தொங்கியது.

பிரசாத்தான் முதலில் பேசினார்.

“நீயே இடிச்சத எப்படிம்மா நான் எழுதறது?”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்த சுவரும் போயிற்று, பட்டியலும் போயிற்று.

கண்ணாயிரம் மட்டும் அந்த மண்மேட்டைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். அதிலிருந்து வார் அறுந்த செருப்பு ஒன்று வந்தது. ஒரு பால் பாக்கெட். கைநிறைய ஏரி நத்தை. சுவருக்கு மண் எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டார்.

“மண்ணுக்கு நான் எங்கண்ணே போவேன்? வீட்டுக்குள்ள ரொம்பிக் கெடந்த சேத்தையேதான் வாரி வெச்சேன்.”

தலையாரி எழுத்தர் பக்கம் திரும்பினார். “வெள்ளம் கொண்டாந்த சேறு சார். அந்தச் சேத்துலயே சுவரு வெச்சிருக்குதுன்னா, முன்ன இருந்த சுவரு வெள்ளத்துல போயிருக்கணும் இல்ல?”

பிரசாத் குனிந்து செருப்பைப் புரட்டிப் பார்த்தார். செல்போனில் மூன்று படம் எடுத்தார். எழுதியதை அடித்து, ‘பின்சுவர் முழுவதும் இடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். காசியம்மாள் அந்தக் காகிதத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திங்கட்கிழமை தாசில்தார் வந்து சரிபார்ப்பார், அதுவரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு இருவரும் எட்டாவது குடிசைக்கு நகர்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் காசியம்மாள் கையில் கூடை. வெள்ளையம்மாள் அதைப் பிடுங்கிக் கவிழ்த்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“நாளைக்குத் தீபம்டீ. இப்படியேவா கெடக்கும்?”

“கெடக்கட்டும்கா. அண்ணாமலையாரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு. தாசில்தாருதான் நெனச்சுக்குவாரு.”

காசியம்மாள் சேற்றைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். வாசலையாவது ஒரு தடவை பெருக்கிக்கொள்ளட்டுமா என்று கணவரிடம் கேட்டாள். சகாதேவன் விளக்குமாற்றை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.