எஞ்சின் நின்றாலும் கத்தும் ஹோர்ன்

ஒரு மாலைப்பொழுது, மருதனார்மடத்திலிருந்து வட்டுக்கோட்டையில் எங்கள் வீடு வரை, என் மனைவியை நான் ஹோர்னாகவும் முன்விளக்காகவும் பயன்படுத்தியிருக்கிறேன். பார்த்தவர்கள் நிறையப் பேர் என்பதால் மறைத்துப் பயனில்லை.

என்னிடம் இருப்பது என்னைவிட இரண்டு வயது மூத்த ஸ்கூட்டர். அதில் பற்றறி கிடையாது. எஞ்சின் சுழலும்போது பிறக்கும் மின்சாரம் நேராக லைற்றுக்கும் ஹோர்னுக்கும் போகும். ஆகவே வேகமாகப் போனால் வெளிச்சம், மெதுவாகப் போனால் மின்மினி. எதிரே பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளத்தை நோக்கியே பாய வேண்டும். மாடு குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கலாம், அல்லது ஹோர்ன் அடிக்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. இதைப் பல வருடம் பின்னிருக்கையில் அனுபவித்த மனைவி ஒருநாள் இறங்கிவிட்டார்.

"லைற்றும் ஹோர்னும் மற்ற ஆக்களின்ரை வாகனத்திலை மாதிரி வேலை செய்யட்டும். அதுக்குப் பிறகு ஏறுறன்."

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்கு அவர் இரண்டு பஸ் மாறிப் போனார். நான் தனியே ஸ்கூட்டரில் போய், பெரும்பாலும் அவருக்குப் பிறகுதான் சேர்ந்தேன். கோயில் வாசலில் தெரிந்தவர்கள் எங்களைத் தனித்தனியாகக் கண்டு, தனித்தனியாக அனுதாபப்பட்டார்கள். அவரை மறுபடி பின்னால் ஏற்றுவது என் மானப் பிரச்சினையாகிவிட்டது.

குருநகரில் படகு எஞ்சின்களுக்கு வயர் வேலை செய்யும் ஒருவரிடம் யோசனை கேட்டேன்.

"அண்ணை, உள்ளை இருக்கிற கொயில், அந்தக் கம்பிச் சுருள், அதின்ரை ஒரு நுனியை எஞ்சின் உடம்போடை ஈயம் வைச்சு ஒட்டியிருப்பாங்கள். முதல் அதைக் கழட்டோணும். இல்லாட்டிப் பற்றறிக்கு ஒழுங்கா சார்ஜ் ஏறாது. கொண்டுவாங்கோ, நான் செய்து தாறன்."

"தெரியும், வாசிச்சனான்" என்றேன். உண்மையிலேயே வாசித்திருந்தேன். வாசித்ததைச் செய்யும் பழக்கம் மட்டும்தான் எனக்கு இல்லை.

பற்றறியையும் புது ஹோர்னையும் நானே பூட்டி, லைற்றையும் பற்றறிக்கே மாற்றினேன். அந்த நுனியைத் தொட, அதை மூடிக்கொண்டு சுழலும் எஞ்சினின் பாரச் சில்லைக் கழற்ற வேண்டும். அது வரமாட்டேன் என்றது, நானும் வற்புறுத்தவில்லை. ஹோர்னை அழுத்தினேன். எஞ்சின் நின்றிருக்கும்போதே அலறியது.

அதன்பின் ஒரு கிழமை முழுதும் நான் நடந்துகொண்ட விதம் சொல்லக் கூசுவது. தெரிந்தவர்களின் வீட்டு வாசற் படலைதோறும் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹோர்ன் அடித்தேன். எங்கள் பக்கத்தில் படலையில் நின்று ஹோர்ன் அடிப்பவர் மீன்காரர் ஒருவர்தான். ஒரு வீட்டம்மா சட்டியோடு வந்தார்.

"நீங்களோ? நான் மீன்காரர் எண்டெல்லோ ஓடி வாறன்."

அவருக்கும் லைற்றைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போனேன்.

சனிக்கிழமை மனைவி ஏறினார். பூசை முடிந்து திரும்பும்போது பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. சந்தி தாண்டியதும் லைற் மஞ்சளித்து, சிவந்து, அணைந்தது. ஹோர்ன் ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டு ஓய்ந்தது. பற்றறியில் இருந்ததெல்லாம் கடைக்காரர் ஏற்றி விற்ற சார்ஜ். அதையும் நான் படலை படலையாக ஊதி முடித்திருந்தேன். எஞ்சின் மட்டும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். அதன் விளக்கைப் போட்டு, என் தோளுக்கு மேலால் வீதியில் பிடித்தார்.

"இஞ்சருங்கோ, என்னைத் திரும்பிப் பாராமல் நேரை பார்த்து ஓடுங்கோ."

பிறகு வீதிக்கு: "தம்பி, விலத்துங்கோ. ஐயா, கொஞ்சம் ஓரமாய்ப் போங்கோ." நடுவில் நின்ற ஆட்டுக்கும் அதே மரியாதை. ஆடு உட்பட எல்லோரும் விலகினார்கள். என் ஹோர்னுக்கு ஒருநாளும் அந்த மதிப்புக் கிடைத்ததில்லை.

இரண்டு நாள் கழித்துக் குருநகர்க்காரர் சில்லைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வாசிச்சனியள்தானே, அண்ணை?" என்றார். ஈயத்தை இளக்கி நுனியை எடுத்துவிட அவருக்கு ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் போதுமாயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, எங்கள் படலையடியில் லைற்றைப் போட்டேன். ஹோர்னை இரண்டு தரம் அடித்தேன். "ஏறும்" என்றேன்.

மனைவி லைற்றைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து போனைப் பார்த்தார்.

"சார்ஜ் தொண்ணூறு வீதம் கிடக்கு. சரி, ஏறுறன்."