பீலி நின்றுபோன நாள்

கடலைப் பார்த்தால் மனம் லேசாகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மேடுகூட இல்லாத இடம் பிடிபடவில்லை. ஏதாவது என்றால் எங்கே ஏறி ஓடுவது? அக்காவிடம் கேட்டேன். "நீ ஓடுறதுக்கா வந்த? புள்ளையக் குளிப்பாட்டத்தானே வந்த" என்றாள்.

அக்கா கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்தபோது மட்டக்களப்புப் பக்கத்து மீன்பிடிக்காரர் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. அம்மாதான் போயிருக்க வேண்டும். "ஒங்கப்பாவ விட்டுட்டுப் போனா அடுப்பையே பத்தவைக்க மாட்டாரு" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார். தலவாக்கலையில் ஏறி, நுவரெலியாவிலும் பதுளையிலும் பஸ் மாறி, காது அடைக்க அடைக்க இறங்கிப் போனேன்.

முன்னால் கடல், பின்னால் வாவி, நடுவில் ஒரு கீற்று மணல். அந்த மணலில்தான் மொத்த ஊரும் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் 'மலைநாட்டுத் தங்கச்சி'யைப் பார்க்க வந்தார்கள். தேயிலையைப் பச்சையாகத் தின்போமா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், மாடு கூடத் தோற்றுப்போகும் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் யாரும் தேயிலைக் கதை கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வாவித் தண்ணீர் தென்னைகளின் அடிவரை வந்தது. பிறகு கோழிக்கூட்டுக்கு வந்தது. வாவி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டதாம். அதை வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். வெட்டச் சொன்னார்கள் வயல்காரர்கள். இறால் இன்னும் பெருகவில்லை, பொறுங்கள் என்றார்கள் மீன்காரர்கள். இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் அக்கா சமைக்கிற குசினியின் படிக்கு வந்து நின்றது. மேலே இருந்து அனுமதி வந்ததும் ஊரே மண்வெட்டியோடு கிளம்பியது. நானும் அத்தானோடு குடை பிடித்துக்கொண்டு போனேன்.

அங்கே வாவியைப் பார்த்தால் பரம சாதுவாக இருந்தது. ஒரு சுழி இல்லை, ஓட்டம் இல்லை. "இவ்வளவு மழைக்கும் அசையாமக் கெடக்கே அத்தான்" என்றேன்.

"அது எங்கயும் போகல்ல மச்சாள்" என்றார் அவர். "வழியில்லாம உள்ளுக்குள்ள நிக்குது. ஓடுற தண்ணிக்கில்ல, நிக்கிற தண்ணிக்குத்தான் பயப்படணும்."

மணல் திட்டின் குறுக்கே ஒரு ஆள் கால் வைக்கும் அகலத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார்கள், அவ்வளவுதான். முதலில் பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுகிற மாதிரி தண்ணீர் ஓடியது. பிறகு அதுவே கரையைக் கடிக்க ஆரம்பித்தது. "பின்னுக்கு வாங்க!" என்று அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நின்றிருந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது. மறுகணம் அந்த மணல் முழுவதும் சத்தமில்லாமல் உட்கார்ந்து, தண்ணீரோடு கடலுக்குப் போனது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நான் இன்னும் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா போன் எடுத்தார். பிள்ளை பால் குடிக்கிறதா, அக்காவுக்குப் பத்தியம் சரியாகக் கொடுக்கிறாயா என்று எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "இங்க பீலியில தண்ணி நின்னுபோச்சு புள்ள. காலையிலேருந்து ஒரு சொட்டு இல்ல."

"அங்க மழ இல்லையா?"

"மழையா? விடாம ஊத்துது. எல அடைச்சிருக்கும். இந்தக் கெழம நம்ம மொறதானே, அப்பா மேல போயிருக்காரு."

ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கிடக்கும் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கே தண்ணீர் விழ அந்த ஒரு பீலிதான். லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கும் மேலே ஒரு துண்டுக் காடு. அங்கே ஒரு ஊற்று. ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்கியிருக்கிறார்கள். குழாயின் வாயில் இலை அடைத்தால் பீலி நின்றுவிடும். வாரம் ஒரு வீட்டு முறை. முறைக்காரர் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறிப்போய் இலையை எடுத்துவிட்டு வருவார். வெயிலென்றாலும் மழையென்றாலும் பீலி நின்றால் எங்களுக்குத் தெரிந்த காரணம் இலை ஒன்றுதான். வேறு எதையும் எங்கள் லயத்தில் யாரும் யோசித்ததில்லை. மணல் உட்கார்ந்ததைப் பார்த்திராவிட்டால் நானும் யோசித்திருக்க மாட்டேன்.

"எல இல்லம்மா!" என்று கத்தினேன். "இத்தன மழையில தண்ணி எங்க போகும்? மலைக்குள்ள நிக்குது. அப்பாவ எறங்கி வரச் சொல்லு. எல்லாரையும் வெளிய வரச் சொல்லு."

"ஏன்டி இப்பிடிக் கத்துற? அவரு நான் கூப்பிட்டு எப்ப வந்தாரு?" என்று அம்மா சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது.

அதன் பிறகு எத்தனை தரம் எடுத்தாலும் அதே பெண் குரல்தான், மூன்று பாஷையிலும், தொடர்பு கொள்ள முடியாது என்றது. அவளை அறையலாம் போலிருந்தது. முன்னால் வாவி இரைந்துகொண்டு கடலில் விழுந்தது. அத்தான் தன் போனிலும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அவள்தான். வீட்டுக்குப் போய், பச்சை உடம்புக்காரியிடம் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைத் துணியை அலசினேன். அலசியதையே திரும்பவும் அலசினேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பாவா, அம்மாவா?" என்று மட்டும் கேட்டாள்.

பொழுது சாயும்போது யாருடைய போனிலிருந்தோ அம்மா பேசினார். தொண்டை கட்டிப்போயிருந்தது. இறங்கி வா என்று கூப்பிட்டால் அப்பா வரமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் தேயிலைப் படியில் பாதி ஏறி, தலையில் அடித்துக்கொண்டு, "பெரியவ போயிட்டாளாம்! போன் வந்துருச்சு!" என்று ஒப்பாரி வைத்திருக்கிறார். லயத்தில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், அடுப்பில் எது கொதித்தாலும் விட்டுவிட்டு மற்ற வீட்டுச் சனமெல்லாம் ஓடிவந்துவிடும். அன்றைக்கும் வந்தது. அப்பா விழுந்து எழும்பி ஓடிவந்தார். பொய் என்று தெரிந்ததும், பெற்ற வாயால் இப்படிச் சொல்லலாமா என்று வாசலில் வைத்து அம்மாவை அடிக்கக் கை ஓங்கினார். அந்தக் கை இறங்குவதற்குள் மலை இறங்கியது. காடும் ஊற்றும் பீலியும் போயின. லயத்தின் பின்பக்கக் குசினிகள் மண்ணுக்குள் போயின. குசினிகளில் அந்த நேரம் ஒருவரும் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். "என்னக் கொன்னுதான் அவரக் காப்பாத்துனாங்களா?" என்றாள். பிறகு பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

கொஞ்ச நாள் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். வேறு இடத்தில் காணி தருவோம் என்றார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்ததால், காணி வரும்வரைக்கும் என்று சொல்லி அதே லயத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பின்பக்கத்துக்குத் தகரம் அடித்தார்கள். மலையின் மறுபக்கத்து ஊற்றிலிருந்து புதுக் குழாய் வந்தது. குழாயோடு பழைய முறையும் வந்தது.

நான் இப்போது ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். மழை பிடித்தால் அம்மாவுக்குப் போன் எடுப்பேன். அவர் போனைப் பீலிப்பக்கம் நீட்டுவார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் வைத்துவிடுவேன்.

இன்று காலையும் எடுத்தேன். இங்கே மழை விட்டு நாளாகிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் விடவில்லை. அம்மா போனை நீட்டினார். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"அப்பா எங்க?" என்றேன்.

"நம்ம மொற. போகாதீங்கன்னு கால்ல விழாத கொறதான். நாம போகாட்டி அடுத்த வீட்டுக்காரன் போவான், அவனுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கேங்கிறாரு. சாக்க எடுத்துக்கிட்டு ஏறிட்டாரு."

பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "போன தடவ சொன்னத இனி நம்ப மாட்டாரு. இப்ப யாரு செத்துட்டான்னு சொல்லிக் கத்துறது, புள்ள?"